மாதவிடாய் நிற்கும் பருவமும் ஹார்மோன் மருந்தும்: ஒரு சிகிச்சையின் வரலாறு

பெண்ணின் உடலில் நாற்பத்தைந்து வயதுக்கும் ஐம்பத்தைந்து வயதுக்கும் இடையே நிகழும் மாற்றங்களுள் முதன்மையானது, சினைப்பைகள் கருமுட்டைகளை முதிர்வித்து வெளியிடும் பணியைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டு இறுதியில் நிறுத்திவிடுவதும், அதன் விளைவாக மாதவிடாய் நின்றுபோவதும் ஆகும். கருவுறுதல் போன்ற வேறு காரணம் எதுவுமின்றித் தொடர்ந்து பன்னிரண்டு மாதங்கள் மாதவிடாய் வராதிருந்தால் அது நிலையாக நின்றுவிட்டது என்று மருத்துவர்கள் கொள்கின்றனர். மேலை நாடுகளில் இது சராசரியாக 51 வயதிலும், இந்தியப் பெண்களுக்கு அதைவிடச் சில ஆண்டுகள் முன்னதாக, ஏறத்தாழ 46 வயதிலும் நிகழ்கிறது. இக்காலத்தில் திடீரென உடலெங்கும் அனல் பரவி வியர்த்துக் கொட்டுதல், உறக்கம் கெடுதல், மனம் நிலைகொள்ளாமை, பிறப்புறுப்பில் வறட்சி, எலும்பின் அடர்த்தி குறைதல் ஆகியவற்றைப் பலர் உணர்கின்றனர். சிலர் எவ்விதத் தொல்லையுமின்றிக் கடந்துவிடுகின்றனர். இவ்வளவு பொதுவான ஒரு பருவத்தை மருத்துவம் எவ்வாறு கண்டது, எவ்வாறு மருந்திட முனைந்தது, எங்கெங்கே தடுமாறியது என்பதன் வரலாறு, பெண்களின் உடல்நலம் குறித்து இன்றும் எடுக்கப்படும் முடிவுகளைப் புரிந்துகொள்ள இன்றியமையாதது.

மருத்துவத்தின் பார்வைக்கு வந்த காலம்

மாதவிடாய் ஒரு வயதில் நின்றுவிடும் என்பதைப் பண்டை மருத்துவர்கள் அனைவரும் அறிந்திருந்தனர் எனினும், அதனைத் தனித்த ஆய்வுப் பொருளாக எடுத்துக்கொண்டு நூல் எழுதும் வழக்கம் ஐரோப்பாவில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் உருவாயிற்று. இன்று உலகெங்கும் வழங்கும் 'மெனோபாஸ்' என்னும் பெயரைப் பிரெஞ்சு மருத்துவர் கார்டான் 1821-இல் வெளியிட்ட தம் நூலின் வழியே நிலைபெறச் செய்தார். லண்டனில் எட்வர்ட் டில்ட் என்னும் மருத்துவர் 1857-இல் வெளியிட்ட நூல், இப்பருவத்தில் பெண்கள் சொன்ன குறைகளைத் தொகுத்து வகைப்படுத்திய முதல் முயற்சிகளுள் ஒன்றாகும். ஆயினும், மாதந்தோறும் வெளியேறிய குருதி உள்ளேயே தங்கிவிடுவதால்தான் தொல்லைகள் எழுகின்றன என்ற பழங்கருத்து அன்று வலுவாக நிலவியமையால், இரத்தம் வெளியேற்றுதல், பேதிக்குக் கொடுத்தல், அபின் தந்து உறங்கச் செய்தல் ஆகியவையே சிகிச்சைகளாக இருந்தன. பெண்களின் சொல்லைச் செவிமடுக்கும் பழக்கம் மருத்துவத்தில் தோன்றியிருந்ததேயன்றி, அச்சொல்லுக்குப் பின்னால் உடலில் நிகழ்வது என்ன என்பது தெரிந்திருக்கவில்லை.

அது தெரியவந்த வழி பெண்களுக்கு மிகக் கொடிய வழியாக அமைந்தது. 1872-இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்து அறுவை மருத்துவர் ராபர்ட் பாட்டேவும், அதே ஆண்டில் ஜெர்மனியில் ஆல்ஃபிரட் ஹேகாரும், கடும் மாதவிடாய் வலி, வலிப்பு, மனக்கலக்கம் போன்றவற்றுக்குத் தீர்வு என்று கருதிப் பெண்களின் சினைப்பைகளை அகற்றும் அறுவையை மேற்கொண்டனர். நோயுற்ற சினைப்பைகளை மட்டுமன்றி, நோயின் அடையாளமே இல்லாதவற்றையும் அகற்றிய இந்த அறுவை அடுத்த இருபது, முப்பது ஆண்டுகளில் இரு கண்டங்களிலும் பரவியது. பலர் அறுவையிலேயே உயிரிழந்தனர். உயிர் பிழைத்த இளம்பெண்களுக்கு மாதவிடாய் உடனே நின்றது மட்டுமன்றி, ஐம்பது வயதுப் பெண்கள் சொல்லும் அதே அனலும் வியர்வையும் உறக்கமின்மையும் முன்னினும் கடுமையாக வந்தன. சினைப்பை கருமுட்டையை வைத்திருக்கும் பை மட்டுமன்று, உடல் முழுவதையும் பாதிக்கும் ஏதோவொரு பொருளை அது சுரக்கிறது என்ற ஐயம் மருத்துவர்களிடையே எழுந்தது இப்பெண்களின் துன்பத்தைக் கண்டே ஆகும். மருத்துவ வரலாற்று நூல்கள் அறுவை மருத்துவர்களின் பெயர்களைப் போற்றி வைத்திருக்கும் அளவுக்கு இப்பெண்களை நினைவில் வைத்திருக்கவில்லை என்பது வருந்தத்தக்கது.

சுரப்பு என்னும் கருத்து

உறுப்பின் சாற்றைக் கொண்டு உறுப்பின் குறையை நிரப்பலாம் என்னும் எண்ணம் அக்காலத்தில் இரு வேறு நிகழ்வுகளால் வலுப்பெற்றது. 1889-இல் பாரிசில், எழுபத்திரண்டு வயதான உடலியல் அறிஞர் பிரவுன்-செக்கார், விலங்குகளின் விரைச் சாற்றைத் தம் உடலில் ஊசிவழி செலுத்திக்கொண்டதால் இளமையின் வலிமை திரும்பியதாக அறிவித்தார். அச்சாற்றில் குறிப்பிடத்தக்க அளவு ஹார்மோன் இருந்திருக்க இயலாது என்பது பின்னர்த் தெளிவாயினும், அறிவிப்பு பெரும் பரபரப்பை உண்டாக்கியது. இதற்கு மாறாக, 1891-இல் இங்கிலாந்தின் நியூகாசிலில் ஜார்ஜ் மர்ரே, தைராய்டு சுரப்பி செயலிழந்த ஒரு பெண்ணுக்கு ஆட்டின் தைராய்டுச் சாற்றைச் செலுத்தியபோது அவர் உண்மையாகவே நலமடைந்து, மேலும் இருபத்தெட்டு ஆண்டுகள் அம்மருந்தின் துணையுடன் வாழ்ந்தார். தைராய்டில் கண்ட இவ்வெற்றி சினைப்பையிலும் கிட்டும் என்ற நம்பிக்கையில், 1896-ஆம் ஆண்டளவில் பெர்லினிலும் வியன்னாவிலும் மருத்துவர்கள் விலங்குகளின் சினைப்பையை உலர்த்திப் பொடித்துப் பெண்களுக்குத் தந்தனர். அதே காலத்தில் வியன்னாவின் எமில் க்னாவர், சினைப்பை அகற்றப்பட்ட முயலின் உடலில் வேறோர் இடத்தில் சினைப்பைத் துண்டை ஒட்டவைத்தால் கருப்பை சுருங்காமல் நிலைப்பதைக் காட்டினார். நரம்புத் தொடர்பு அறுபட்ட நிலையிலும் இது நிகழ்ந்தமையால், சினைப்பையின் ஆணை இரத்தத்தின் வழியே செல்கிறது என்பது உறுதிப்பட்டது. இவ்வாறு ஓர் உறுப்பில் சுரந்து இரத்தத்தில் கலந்து தொலைவிலுள்ள மற்றோர் உறுப்பை இயக்கும் வேதிப்பொருள்களுக்கு 1905-இல் லண்டனில் எர்னஸ்ட் ஸ்டார்லிங் ஹார்மோன் என்று பெயரிட்டார்.

சினைப்பை ஹார்மோனைத் தனியே பிரித்தெடுப்பதற்குப் பெருந்தடையாக இருந்தது, ஒரு சாற்றில் அது இருக்கிறதா, எவ்வளவு இருக்கிறது என்று அளக்க வழியில்லாமையே ஆகும். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் எட்கர் ஆலனும் எட்வர்ட் டாய்சியும் 1923-இல் அவ்வழியைக் கண்டனர். சினைப்பை அகற்றப்பட்ட எலிக்குச் சாற்றைச் செலுத்தி, அதன் பிறப்புறுப்புப் பாதையின் செல்களை நுண்ணோக்கியில் பார்த்தால், ஹார்மோன் உள்ள சாறு அச்செல்களைக் குறிப்பிட்ட வகையில் மாற்றியிருப்பதைக் காணலாம். இச்சோதனை கையில் இருந்தமையால் ஆய்வு விரைந்தது. 1927-இல் பெர்லினில் செல்மார் அஷ்ஹைம், பெர்ன்ஹார்ட் சோண்டெக் ஆகிய இருவர், கருவுற்ற பெண்களின் சிறுநீரில் ஹார்மோன்கள் மிகுதியாக வெளியேறுவதைக் காட்டினர். 1929-இல் டாய்சியும், ஜெர்மனியின் கோட்டிங்கனில் அடால்ஃப் புட்டெனாண்டும், அச்சிறுநீரிலிருந்து ஈஸ்ட்ரோன் என்னும் ஹார்மோனைத் தூய படிகமாகப் பிரித்தெடுத்தனர். ஈஸ்ட்ரோஜன் என்னும் ஹார்மோன் குடும்பத்தில் முதலில் கைக்கு வந்தது இதுவே. கருப்பையைக் கருவுறுதலுக்கு ஆயத்தப்படுத்தும் மற்றொரு சினைப்பை ஹார்மோனாகிய புரோஜெஸ்டிரோன் 1934-இல் தூய வடிவில் கிடைத்தது. அறிவியலின் இப்பொற்காலம் அரசியலின் இருளுக்குள் நிகழ்ந்தது என்பதையும் சொல்ல வேண்டும்: யூதரான சோண்டெக் 1933-இல் நாஜி ஆட்சியால் பெர்லினிலிருந்து வெளியேற்றப்பட்டு ஜெருசலேமில் பணியைத் தொடர்ந்தார், புட்டெனாண்டுக்கு 1939-இல் அறிவிக்கப்பட்ட நோபல் பரிசை அவர் அப்போது ஏற்காதபடி அதே ஆட்சி தடுத்தது.

மருந்து சந்தைக்கு வருதல்

தூய ஹார்மோன் கிடைத்துவிட்டதேயன்றி, அதை மலிவாகவும் மிகுதியாகவும் தயாரிக்க இயலவில்லை. கனடாவின் மான்ட்ரியாலில் ஜேம்ஸ் காலிப் மனித நஞ்சுக்கொடியிலிருந்து உருவாக்கிய வாய்வழி மருந்து 1930-களில் விற்பனைக்கு வந்தபோதும், மூலப்பொருள் அரிதாக இருந்தமையால் விலை உயர்ந்தே இருந்தது. சினையுற்ற குதிரையின் சிறுநீரில் ஈஸ்ட்ரோஜன் பெருமளவு உண்டு என்று 1930-இல் சோண்டெக் கண்டறிந்திருந்தார். அதனை மூலப்பொருளாகக் கொண்ட பிரெமரின் என்னும் மாத்திரை 1941-இல் கனடாவிலும் 1942-இல் அமெரிக்காவிலும் விற்பனைக்கு வந்தது. இயற்கை மூலத்தை நாடாமலே ஈஸ்ட்ரோஜன் போல வினைபுரியும் டைஎத்தில்ஸ்டில்பெஸ்ட்ரால் என்னும் செயற்கைப் பொருளை 1938-இல் லண்டனில் சார்லஸ் டாட்ஸ் குழுவினர் உருவாக்கினர். அதற்குக் காப்புரிமை பெறப்படாததால் எந்த நிறுவனமும் தயாரிக்கலாம் என்னும் நிலை ஏற்பட்டு, மருந்து மிகமிக மலிவாகப் பரவிற்று.

அமெரிக்க அரசின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 1941-இல் மாதவிடாய் நிற்கும் பருவத்துத் தொல்லைகளுக்காக அச்செயற்கை மருந்தை அனுமதித்தது. சில ஆண்டுகளில் அது கருச்சிதைவைத் தடுக்கும் என்ற நம்பிக்கையில் கருவுற்ற பெண்களுக்கும் தரப்பட்டது. கருச்சிதைவைத் தடுப்பதில் எப்பயனும் இல்லை என்று 1953-இல் சிகாகோவில் ஒரு முறையான சோதனை காட்டிய பின்னரும் அதன் பயன்பாடு தொடர்ந்தது. 1971-இல் பாஸ்டன் மருத்துவர் ஆர்தர் ஹெர்ப்ஸ்ட்டும் அவருடைய குழுவினரும், இளம்பெண்கள் எண்மருக்கு வந்த மிக அரிய பிறப்புறுப்புப் பாதைப் புற்றுநோயை ஆராய்ந்து, அவர்களுள் எழுவரின் தாய்மார்கள் கருவுற்றிருந்த காலத்தில் இம்மருந்தை உட்கொண்டிருந்தனர் என்று வெளியிட்டனர். ஒரு மருந்தின் தீங்கு அதை உண்டவரிடம் அன்றி அவர் மகளிடம், இருபது ஆண்டுகள் கழித்து வெளிப்படலாம் என்னும் உண்மை அப்போதுதான் உலகுக்குத் தெரிந்தது. பயனில்லை என்று தெரிந்த நாளிலேயே மருந்து நிறுத்தப்பட்டிருந்தால், பின்னர்ப் பிறந்த மகள்கள் பலர் இத்தீங்கிலிருந்து தப்பியிருப்பர்.

பருவம் நோயாக்கப்பட்ட காலம்

தொல்லையுற்ற பெண்ணுக்குச் சில காலம் தரப்படும் மருந்தாக இருந்த ஈஸ்ட்ரோஜன், எல்லாப் பெண்களும் வாழ்நாள் முழுதும் உட்கொள்ள வேண்டிய மருந்தாக மாறியது 1960-களில் ஆகும். நியூயார்க்கைச் சேர்ந்த மகளிர்நோய் மருத்துவர் ராபர்ட் வில்சன் 1966-இல் வெளியிட்ட நூலில், மாதவிடாய் நிற்பது ஒரு குறைபாட்டு நோய் என்றும், நீரிழிவுக்கு இன்சுலின் தருவது போல அதற்கு ஈஸ்ட்ரோஜன் தரவேண்டும் என்றும், அதனால் இளமையும் அழகும் நிலைக்கும் என்றும் வாதிட்டார். மிகப் பரவலாக விற்ற அந்நூலின் கருத்துகளை இதழ்கள் எடுத்துப் பரப்பின. வில்சனின் பணிக்கு ஈஸ்ட்ரோஜன் தயாரித்த நிறுவனங்களின் நிதி கிடைத்திருந்தது என்பது பின்னாளில் தெரியவந்தது. முதுமையடையும் பெண் குறையுடையவள் என்னும் கருத்தை மருத்துவத்தின் பெயரால் நிலைநாட்டிய இவ்வாதத்துக்கு, நீண்டகாலம் பல பெண்களைப் பின்தொடர்ந்து செய்யப்பட்ட சோதனை எதுவும் ஆதாரமாக இல்லை. ஆயினும் 1970-களின் நடுவில் ஈஸ்ட்ரோஜன், அமெரிக்காவில் மருத்துவர்கள் மிக அதிகமாக எழுதிக்கொடுத்த மருந்துகளுள் ஒன்றாகியிருந்தது.

1975 டிசம்பரில் அமெரிக்காவின் முன்னணி மருத்துவ ஆய்விதழ் ஒன்றில், சியாட்டில், லாஸ் ஏஞ்சலிஸ் ஆகிய இரு நகரங்களிலிருந்து இரு ஆய்வுகள் ஒரே நேரத்தில் வெளிவந்தன. ஈஸ்ட்ரோஜனைத் தனியாக உட்கொண்ட பெண்களுக்குக் கருப்பையின் உட்சவ்வில், அதாவது மாதந்தோறும் தடித்து உதிரும் உள்ளுறையில், புற்றுநோய் தோன்றும் வாய்ப்பு முதல் ஆய்வில் 4.5 மடங்கும் இரண்டாவதில் 7.6 மடங்கும் உயர்ந்திருந்தது. இதன் காரணம் உடலியலில் தெளிவாகவே இருந்தது: ஈஸ்ட்ரோஜன் உட்சவ்வை வளர்க்கிறது, இயற்கையில் அவ்வளர்ச்சியைக் கட்டுப்படுத்துவது புரோஜெஸ்டிரோன், கட்டுப்படுத்தும் ஹார்மோன் இன்றி வளர்க்கும் ஹார்மோன் மட்டும் ஆண்டுக்கணக்கில் சேரும்போது வளர்ச்சி புற்றாகத் திரிகிறது. மருந்தின் விற்பனை சரிந்தது. அமெரிக்கப் பெண்கள் நல அமைப்புகள் நோயாளி தாமே படித்தறியத்தக்க எச்சரிக்கைத் தாள் ஒவ்வொரு மருந்துப் பெட்டியிலும் இருக்கவேண்டும் என்று போராடியதன் பயனாக, 1977-இல் ஈஸ்ட்ரோஜன் மருந்துகளுக்கு அத்தாள் கட்டாயமாக்கப்பட்டது. தான் உட்கொள்ளும் மருந்தின் தீங்கை அறிவது நோயாளியின் உரிமை என்னும் கொள்கை சட்ட வடிவம் பெற்ற படிகளுள் இது முக்கியமானது.

புரோஜெஸ்டிரோனை ஒத்த மருந்தைச் சேர்த்துக் கொடுத்தால் கருப்பைப் புற்றுநோயின் அச்சம் நீங்குகிறது என்பது உறுதியானதும் ஹார்மோன் சிகிச்சை மீண்டும் எழுந்தது. இம்முறை அதன் நோக்கம் அழகு அன்று, நோய்த் தடுப்பு. ஈஸ்ட்ரோஜன் குறைவதற்கும் எலும்பு நுண்துளைகள் மிகுந்து எளிதில் முறியும் எலும்புப்புரை நோய்க்கும் உள்ள தொடர்பை 1940-களின் தொடக்கத்திலேயே பாஸ்டனின் ஃபுல்லர் ஆல்பிரைட் காட்டியிருந்தார். 1976-இல் தொடங்கி ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கச் செவிலியரைப் பின்தொடர்ந்த ஆய்வோ, ஹார்மோன் உட்கொள்வோருக்கு இதயநோய் குறைவு என்று காட்டிற்று. எனினும், தம் விருப்பத்தால் மருந்து உட்கொள்ளும் பெண்கள் பெரும்பாலும் கல்வியும் வசதியும் உடல்நலத்தில் அக்கறையும் மிக்கவர்கள். அவர்களுக்கு இதயநோய் குறைந்தது மருந்தாலா, வாழ்க்கை முறையாலா என்பதை இவ்வகை ஆய்வால் பிரித்தறிய இயலாது. இந்த ஐயத்தைத் தீர்க்காமலே, 1990-களில் கோடிக்கணக்கான பெண்களுக்கு இதயத்தைக் காக்கும் என்று சொல்லி ஹார்மோன் பரிந்துரைக்கப்பட்டது.

பெருஞ்சோதனை

ஐயத்தைத் தீர்க்கும் ஒரே வழி, பெண்களைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மருந்தும் மற்றதற்கு மருந்தில்லா வெற்று மாத்திரையும் தந்து, யாருக்கு எது என்பது இரு தரப்பும் அறியாதவாறு ஆண்டுக்கணக்கில் பின்தொடர்வதே ஆகும். அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்களின் முதல் பெண் இயக்குநர் பெர்னடீன் ஹீலி, 1991-இல் இத்தகைய சோதனைகளை உள்ளடக்கிய மகளிர் நல முன்முயற்சி என்னும் பேராய்வைத் தொடங்கிவைத்தார். 50 முதல் 79 வயது வரையிலான 1,60,000-க்கும் மேற்பட்ட பெண்கள் அதில் பங்கேற்றனர். அவர்களுள் கருப்பை உள்ள 16,608 பெண்களைக் கொண்டு இருமருந்துக் கூட்டு சோதிக்கப்பட்டது.

திட்டமிட்ட காலத்துக்கு முன்பே, சராசரியாக 5.2 ஆண்டுகளில், 2002 ஜூலையில் இச்சோதனை நிறுத்தப்பட்டது. பத்தாயிரம் பெண்கள் ஓராண்டு மருந்து உட்கொண்டால், வெற்று மாத்திரை உட்கொண்டோரைவிட 7 பேருக்கு இதயநோயும், 8 பேருக்குப் பக்கவாதமும், 8 பேருக்கு நுரையீரல் இரத்தக் குழாயில் உறைகட்டியும், 8 பேருக்கு மார்பகப் புற்றுநோயும் கூடுதலாக வந்தன. குடல் புற்றுநோய் 6-ம் இடுப்பெலும்பு முறிவு 5-ம் குறைந்தன. இதயத்தைக் காக்கும் என்று தரப்பட்ட மருந்து இதயத்தைக் காக்கவில்லை என்பது ஐயத்துக்கு இடமின்றித் தெளிவாயிற்று. கருப்பை அகற்றப்பட்ட 10,739 பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜன் மட்டும் தந்த சோதனை 2004-இல் முடிக்கப்பட்டபோது, பக்கவாதம் கூடியிருந்தது; இதயத்துக்கு நன்மை இல்லை; ஆயினும் மார்பகப் புற்றுநோய் கூடவில்லை.

முடிவுகள் நாளேடுகளின் முதல் பக்கங்களில் வெளிவந்ததும், உலகெங்கும் பெண்கள் ஒரே நாளில் மருந்தைக் கைவிடத் தலைப்பட்டனர். அச்சம் அளவை மீறிச் சென்றது என்பதை இன்று ஆய்வாளர் பலரும் ஒப்புகின்றனர். சோதனையில் சேர்ந்த பெண்களின் சராசரி வயது 63. அதாவது மாதவிடாய் நின்று பத்தாண்டுகளுக்கு மேலானவர்களே மிகுதி. அனலும் உறக்கமின்மையும் வாட்டும் ஐம்பது வயதுப் பெண்ணுக்கு மருந்து தரலாமா என்பது அச்சோதனையின் கேள்வியே அன்று. தரவுகளை வயதுவாரியாகப் பிரித்துப் பார்த்தபோது, அறுபது வயதுக்குட்பட்ட அல்லது மாதவிடாய் நின்று பத்தாண்டு ஆகாத பெண்களுக்கு ஆபத்து மிகக் குறைவு என்பது தெரிந்தது; பதினெட்டு ஆண்டுகள் பின்தொடர்ந்து 2017-இல் வெளியிட்ட கணக்கில், மருந்து உட்கொண்டோருக்கும் வெற்று மாத்திரை உட்கொண்டோருக்கும் மொத்த இறப்பில் வேறுபாடு காணப்படவில்லை. இடைப்பட்ட ஆண்டுகளிலோ, மருந்தால் பயனடையக்கூடிய பெண்கள் பலர் தொல்லையைத் தாங்கிக்கொண்டே வாழ்ந்தனர்.

இந்த அனுபவங்களின் திரட்சியே இன்றைய மருத்துவ வழிகாட்டல். கடும் தொல்லையுள்ள, மார்பகப் புற்றுநோயோ இரத்த உறைகட்டியோ வந்திராத, மேற்கூறிய வயது வரம்புக்குள் அடங்கும் பெண்ணுக்கு ஹார்மோன் சிகிச்சையே மிகப் பயனுள்ள மருந்து. கருப்பை உள்ளவருக்கு இரு ஹார்மோன்களும், இல்லாதவருக்கு ஈஸ்ட்ரோஜன் மட்டும். தோலில் ஒட்டும் பட்டை வடிவம் மாத்திரையைவிட உறைகட்டி ஆபத்துக் குறைந்தது. இதயநோயைத் தடுக்கவென்று மட்டும் யாருக்கும் தரலாகாது. ஹார்மோனை ஏற்க இயலாதவர்களுக்காக, மூளையில் உடல்வெப்பத்தை ஆளும் பகுதியில் வினைபுரியும் ஃபெசோலினெட்டன்ட் என்னும் ஹார்மோன் அல்லாத மருந்து 2023-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதற்கும் கல்லீரலைக் கண்காணிக்க வேண்டும் என்னும் எச்சரிக்கை பின்னர்ச் சேர்க்கப்பட்டது.

இருநூறு ஆண்டுகளில் மருத்துவம் இப்பருவத்தைப் பெண்ணின் விதி என்று விட்டுவிட்டும் பிழைத்தது, நோய் என்று முத்திரையிட்டும் பிழைத்தது. இரு பிழைகளையும் திருத்தியவை, பெண்கள் சொன்னதைக் கேட்டதும், சோதனைக்குத் தம்மை ஒப்புக்கொடுத்த பல்லாயிரம் பெண்களைப் பொறுமையாக எண்ணிக் கணக்கிட்டதும், அக்கணக்கைப் பெண்களிடம் மறைக்காமல் சொன்னதுமே ஆகும். மாதவிடாய் நிற்றல் மேலை நாடுகளைவிட முன்னதாகவே நிகழும் இந்தியாவில், வயதாகிவிட்டால் இப்படித்தான் என்று வீட்டிலும் மருத்துவமனையிலும் சொல்லித் தள்ளிவிடும் பழக்கம் இன்னும் மாறவில்லை. தாங்க முடியாத அனலும் உறக்கமின்மையும் மருத்துவரிடம் சொல்லத்தக்க குறைகளே. நாற்பது வயதுக்கு முன்பே மாதவிடாய் நின்றால் தவறாது ஆராயப்பட வேண்டும். நின்று ஓராண்டு கழித்து மீண்டும் குருதி தென்பட்டால், அது எவ்வளவு சிறிதாயினும், கருப்பைப் புற்றுநோயின் முதல் அறிகுறியாக இருக்கக்கூடும் என்பதால் காலந்தாழ்த்தாமல் மகளிர்நோய் மருத்துவரை அணுக வேண்டும்.